தொண்ணூறு மதிப்பெண்ணும் கம்பம் திராட்சையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் ஸ்பெயின் ஒயின்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அயல்நாட்டு விமர்சகர்கள் நூற்றுக்கு இத்தனை என்று வழங்கும் மதிப்பெண்ணால் அந்நாட்டு ஒயின்களின் தேவையும் விலையும் எப்படி ஏறின என்பதைத் தெளிவாக எடுத்துச் சொன்ன கட்டுரையாளர், கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையிலிருந்தும் ஒயின் வடித்து அத்தகைய மதிப்பெண் பெற்றுவிட்டால் இங்குள்ள விவசாயியின் நிலையும் உயர்ந்துவிடும் என்று முடித்திருக்கிறார். அவர் சொன்ன முதற்பாதியில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பாட்டிலின் விலையை ஏற்றிய மதிப்பெண் கொடியில் காய்த்த பழத்தின் விலையையும் ஏற்றியதா என்பதை அதே ஸ்பெயினை வைத்துப் பார்க்காமல் இங்கே விவசாயிக்கு நம்பிக்கை கொடுப்பது சரியாகப் படவில்லை.

நான் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்பவன். ஒயினைக் குடித்துப் பழக்கமில்லாதவன் இதைப் பற்றி எழுதலாமா என்று யாரேனும் கேட்கலாம். ஏலக்காயை விலை பேசுகிறவர்கள் எல்லாரும் பாயசம் குடித்துவிட்டா பேசுகிறோம்? எங்கள் தொழிலில் ஒரு லாட்டின், அதாவது ஏலத்துக்கு வரும் ஒரு குவியலின், தரம் என்பது பெரும்பாலும் சல்லடையும் தராசும் சொல்வது. காய் எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிறதா, லிட்டர் படியில் அள்ளிப் போட்டால் எத்தனை கிராம் வருகிறது, பச்சை நிறம் எவ்வளவு தங்கியிருக்கிறது, வாய் பிளந்த காய் எத்தனை கிடக்கிறது என்று சாம்பிளைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏலத்தில் விலை ஏற்றுகிறோம். கேரளத்தின் புற்றடி ஏல மையத்தில் பார்த்தாலும் போடியில் பார்த்தாலும் காய் அதே காய்தான். என் கணக்கில் சந்தேகம் உள்ளவர் தம் படியில் அளந்துகொள்ளலாம். ஒயினுக்குத் தரும் மதிப்பெண்ணை இப்படித் திரும்ப அளந்து பார்க்கப் படி ஏதும் கிடையாது. ஒருவர் நாக்கில் பட்டதை அவர் எண்ணாக எழுதுகிறார், அந்த எண்ணை நம்பி மற்றவர் பணம் கட்டுகிறார்.

இந்த நூறு மதிப்பெண் முறையைப் பரப்பியவர் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் பார்க்கர். வழக்கறிஞராக இருந்துகொண்டே 1978இல் ‘தி ஒயின் அட்வகேட்’ என்ற செய்தி மடலைத் தொடங்கினார். நூறு என்று பெயர் இருந்தாலும் கணக்கு 50இல்தான் தொடங்குகிறது. நடைமுறையில் கடைக்காரர் அலமாரியில் ஒட்டிவைக்கும் எண்கள் பெரும்பாலும் 90உம் அதற்கு மேற்பட்டவையும்தான். 89க்கும் 90க்கும் இடையே சுவையில் எத்தனை தூரம் என்று நான் சொல்ல இயலாது, விற்பனையில் அந்தத் தூரம் பெரிது என்பதை அந்தத் தொழிலில் உள்ளவர்களே சொல்கிறார்கள்.

ஸ்பெயினுக்கு இந்த எண் அதிகமாகப் பலித்ததற்குக் காரணம் உண்டு. அந்நாட்டின் பெயர்பெற்ற ஒயின் பகுதியான ரியோகாவுக்கென்று பழைய ஏணி ஒன்று இருந்தது: கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா. இவை ஒயின் எத்தனை காலம் ஓக் மரப் பீப்பாயிலும் பாட்டிலிலும் கிடந்தது என்பதைக் குறிக்கும் படிநிலைகள். கிரான் ரெசெர்வா என்றால் மொத்தம் ஐந்து ஆண்டுகள், அதில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பீப்பாயில். காலத்தை அளக்கும் ஏணி என்பதால் அதை ஏமாற்றுவது கடினம், ஆனால் எது சுவையானது என்று அது சொல்லாது. ஊர்ப் பெயரும் திராட்சைப் பெயரும் வாயில் நுழையாத அமெரிக்க வாடிக்கையாளருக்கு இந்த ஏணியைவிட ‘95’ என்ற எண் எளிதாகப் புரிந்தது. ஏணியே இல்லாத புதிய பகுதிகளுக்கோ அந்த எண் ஒன்றுதான் முகவரி.

பிங்குஸ் என்ற ஸ்பெயின் ஒயினின் கதை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. டென்மார்க்கிலிருந்து வந்த பீட்டர் சிசெக், ரிபேரா தெல் துவேரோ பகுதியில் முதிய கொடிகளின் பழத்தைக் கொண்டு 1995இல் முதன்முதலாக வடித்தது ஏறத்தாழ 325 பெட்டிகள்தான். யாரும் கேள்விப்படாத அந்த ஒயின் பாட்டிலுக்குள் போவதற்கு முன்பே பார்க்கர் அதைச் சுவைத்து 96க்குக் குறையாமல் கொடுத்தார். உடனே பாட்டில் 200 டாலர் அளவில் பேசப்பட்டது. 1997இல் அமெரிக்காவுக்குப் போன 75 பெட்டிகள் அசோர்ஸ் தீவுகளுக்கருகே கப்பலோடு கடலில் போய்விட, மிஞ்சியதன் விலை 495 டாலர் வரை ஏறியது. கப்பல் மூழ்கியதால் ஒயினின் சுவை கூடியிருக்க முடியாது. விலையேற்றத்தின் முதற்பாதியை மதிப்பெண் செய்தது, மறுபாதியைத் தட்டுப்பாடு செய்தது. மதிப்பெண் ஓரிரவில் ஆளைக் கூட்டிக்கொண்டு வரும்; சரக்கோ என்றோ முடிந்துபோன ஓர் அறுவடையோடு நிற்கும். எங்கள் ஏலத்தில் கையிருப்பு குறைந்த வாரத்தில் சுமாரான காய்க்கும் கை நீள்வதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

2013இல் நடந்தது வேறு வகை. ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ என்ற அமெரிக்க இதழ் அந்த ஆண்டின் சிறந்த ஒயினாகக் குனே நிறுவனத்தின் இம்பீரியல் கிரான் ரெசெர்வா 2004ஐ அறிவித்தது. ஸ்பெயின் ஒயின் ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. மதிப்பெண் 95, அறிவித்த விலை 63 டாலர். 95 வாங்கிய ஒயின்கள் அந்த ஆண்டு வேறும் இருந்தன, முதலிடம் என்ற பட்டம்தான் கூட்டத்தை இழுத்தது. ஆனால் 2004ஆம் ஆண்டு அறுவடையை 2013இல் கூடுதலாக வடிக்க எந்த நிறுவனத்தாலும் ஆகாது. ஆகவே அந்தப் பட்டத்துக்குப் பிறகு ஏறிய விலையில் பெரும்பங்கு, அப்போது யார் கையில் பாட்டில் இருந்ததோ அவருக்கே போயிருக்கும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பழம் பறித்துக் கொடுத்தவருக்குப் போக வழியில்லை.

அந்த எண் எவ்வளவு நிலையானது என்பதையும் கட்டுரையாளர் தொட்டிருக்கலாம். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை மற்றவற்றோடு கலந்து ஒரே நடுவரிடம் மூன்று முறை கொடுத்துப் பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார். ஏறத்தாழ பத்தில் ஒரு நடுவர்தான் கிட்டத்தட்ட ஒத்த மதிப்பெண்ணைத் திரும்பத் தந்தார்; பொதுவாக நான்கு மதிப்பெண் மேலும் கீழும் ஆடியது. அப்படியானால் 88 என்பதும் 92 என்பதும் ஒரே ஒயினாக இருக்கலாம், விலை மட்டும் ஒன்றாக இராது. அந்தப் பேராசிரியரும் சொந்தமாக ஒயின் வடித்துப் போட்டிக்கு அனுப்பிவந்தவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. அடிபட்டவர்தான் கணக்குப் பார்ப்பார்.

பணத்தின் நிழலும் விழாமல் இல்லை. 2011ஆம் ஆண்டின் இறுதியில், தி ஒயின் அட்வகேட் இதழுக்காக ஸ்பெயின் ஒயின்களை மதிப்பிட்டு வந்தவரின் பயணங்களை ஏற்பாடு செய்ய அங்குள்ள அமைப்புகளிடம் பணம் கேட்கப்பட்டதாகப் பெரிய சர்ச்சை எழுந்தது. அவர் தாம் எதுவும் பெறவில்லை என்று மறுத்தார். அந்தச் சமயத்திலேயே இதழை விட்டும் விலகினார். மதிப்பெண்ணுக்கு விலை இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு மாவட்டம் முழுவதும் ஒருவரின் வருகையை நம்பி நிற்கும்போது அந்த வருகைக்கே சந்தையில் ஒரு மதிப்பு வந்துவிடுகிறது.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கத்தலோனியாவின் பிரியோராத் மலைச்சரிவுகளில் கைவிடப்பட்ட கொடிகளை 1989 முதல் ரெனே பார்பியேயும் அல்வாரோ பலாசியோஸும் அவர்களோடு சேர்ந்தவர்களும் மீண்டும் உயிர்ப்பித்தபோது, விமர்சகர்களின் பாராட்டு இல்லாமல் அந்த ஊர்களுக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஸ்பெயினின் தோரோ பகுதியிலுள்ள நுமான்தியா பண்ணையில் வடித்த தெர்மான்தியா 2004 என்ற ஒயின், நூற்றுக்கு நூறு பெற்றது; 2008இல் அந்தப் பண்ணையையே பிரான்சின் ஆடம்பரப் பொருள் நிறுவனமான எல்விஎம்எச் குழுமம் வாங்கியது. முதிய கொடிகளைப் பிடுங்காமல் வைத்திருப்பதில் பணம் உண்டு என்று அந்தப் பகுதிகள் கற்றுக்கொண்டதில் மதிப்பெண்ணுக்குப் பங்கு உண்டு.

இனி பெரும்பான்மையைப் பார்ப்போம். உலகிலேயே அதிகப் பரப்பில் திராட்சைக் கொடி இருக்கும் நாடு ஸ்பெயின், அதில் ஏறத்தாழ பாதி காஸ்தியா-லா மாஞ்சா சமவெளியில் இருக்கிறது. அங்கே கூட்டுறவு ஆலையின் வாசலில் பழம் வண்டியோடு எடை போடப்படுகிறது, சாற்றின் சர்க்கரை அளவு பார்க்கப்படுகிறது, எடையையும் அந்த அளவையும் பெருக்கி விலை போடப்படுகிறது. அந்த ஒயினில் பெரும்பகுதி பாட்டிலைப் பார்க்காமலேயே டேங்கரில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போகிறது. அந்த விவசாயிக்கு 100 மதிப்பெண் வாங்கிய ஒயின் ஸ்பெயினில் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். கட்டுரையாளர் கம்பத்துக்கு எடுத்துக்காட்டும் ஸ்பெயின் பிங்குஸின் ஸ்பெயின், ஆனால் அளவிலும் விற்பனை முறையிலும் கம்பத்துக்கு நெருக்கமாக இருப்பது லா மாஞ்சா.

சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் கூடலூரிலும் விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகையைச் சேர்ந்தது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. முல்லைப் பெரியாற்றின் தண்ணீரும் பருவமும் கைகொடுப்பதால் ஆண்டு முழுவதும் எங்கோ ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கிறது. ஸ்பெயினில் ‘2004’ என்று ஆண்டைச் சொல்லி விற்பதற்கு ஆண்டுக்கு ஓர் அறுவடைதான் என்ற நிலை அடிப்படை. இங்கே எந்த அறுவடையின் ஒயினுக்கு எந்த மதிப்பெண்ணை எழுதுவது? பழமோ பறித்தால் நீண்ட நாள் தாங்காது. குமுளி வழியாகக் கேரளத்துக்குப் போகும் லாரி நிற்கும்போது வியாபாரி கொத்தைத் தூக்கி, நிறம் ஒன்றுபோல் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டு விலை சொல்கிறார். கொடுக்காமல் திருப்பி எடுத்துச் செல்ல விவசாயிக்கு அவகாசமில்லை. இந்த ஒரு நாக்கின் தீர்ப்புக்கு மேல் கடல் கடந்த இன்னொரு நாக்கின் தீர்ப்பை ஏற்றிவைப்பதால் அவருக்கு என்ன கூடிவிடும்?

லா மாஞ்சாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சர்க்கரை அளவுதான். கையடக்கக் கருவி ஒன்றில் இரண்டு சொட்டுச் சாறு விட்டால் எண் தெரிந்துவிடும். விவசாயியும் பார்க்கலாம், வியாபாரியும் பார்க்கலாம், இருவரும் சண்டை போடவும் அதில் இடமுண்டு. கொள்முதல் இடங்களில் அந்த எண்ணையும் எடையோடு சீட்டில் எழுதும் வழக்கம் வந்தால், ஒயின் ஆலை வரும் நாளிலும் அது பயன்படும், வராவிட்டாலும் பயன்படும்.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். இனி அயல்நாட்டு மதிப்பெண் எதையேனும் செய்தியாக வெளியிடும்போது, கொடுத்தவர் யார், பெயரை மறைத்துச் சுவைத்தாரா பார்த்துச் சுவைத்தாரா, பயணச் செலவு யாருடையது, அந்த ஒயின் மொத்தம் எத்தனை பாட்டில், மதிப்பெண்ணுக்கு முன் விலை என்ன என்ற விவரங்களையும் கிடைத்தவரை அதே பத்தியில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.