பேலன்சிங் மணிகளின் செய்முறைத் தாளில் விடுபட்ட எச்சரிக்கைகள் குறித்துப் புகார்

அனுப்புநர்:
சொந்த லாரியைத் தானே ஓட்டும் வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
டயர் பேலன்சிங் மணிகள் தயாரிப்பு நிறுவனம்

பொருள்: தங்கள் பேலன்சிங் மணிகளை இட்ட முன் டயர்களில் ஏற்பட்ட காற்றுக் கசிவும் அதிர்வும், செய்முறைத் தாளில் விடுபட்டவற்றைச் சேர்க்கக் கோருதலும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் லாரியின் முன் அச்சில் இரண்டும் பின் அச்சில் நான்கும் ஆக ஆறு டயர்களுக்கும் இடுவதற்காகத் தங்கள் நிறுவனத்தின் கண்ணாடி மணிப் பொட்டலங்கள் ஆறு வாங்கினேன். சக்கரத்தின் ஒரு பக்கம் கனத்து வண்டி அதிராமல் இருப்பதற்காக டயருக்குள் இடும் சிறு மணிகள் இவை. எல்லாமே 295/80 ஆர் 22.5 அளவுள்ள ட்யூப்லெஸ் டயர்கள். இந்த அளவுக்கு டயருக்கு ஒரு பொட்டலம், அதாவது 340 கிராம் இட வேண்டும் என்று பொட்டலத்தின் மேலேயே அச்சிட்டிருந்தீர்கள். டயரைக் கழற்றாமல், வால்வு வழியாகவே வீட்டில் இட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்ததுதான் நான் இதை வாங்கியதற்கு முதற்காரணம். சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் பேலன்சிங் செய்துவர ஒரு நாள் முழுவதும் வண்டி நிற்க வேண்டியிருக்கும். அந்த ஒரு நாள் எனக்குப் பெரிய விஷயம்.

முதலில் முன் டயர்கள் இரண்டுக்கு மட்டும் இட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். தாளில் சொல்லியிருந்த வரிசையை ஒன்றுகூட மாற்றவில்லை. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, அடியில் தாங்கி வைத்து, காற்று முழுவதையும் இறக்கிய பிறகுதான், காற்று வெளியேறாமல் வால்வுக்குள் அடைத்து நிற்கும் சிறு உறுப்பான வால்வு பின்னைக் கழற்றினேன். தாங்கள் தந்த புட்டியையும் குழாயையும் பொருத்தி, குழாயை விரலால் தட்டித் தட்டி மணிகளை உள்ளே இறக்க ஒரு டயருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வேலையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. புட்டியும் குழாயும் நன்றாகவே செய்யப்பட்டிருந்தன. கம்ப்ரசர் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து தேங்கியிருந்த நீரை வெளியேற்றிவிட்டு, பழைய வால்வு பின்னையே திரும்பப் பூட்டி, 120 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றடித்தேன். டிஸ்கில், அதாவது டயர் பூட்டும் உலோகச் சக்கரத்தில், பேலன்சிங்குக்காக முன்பே அடித்திருந்த எடைக்கட்டிகளை எடுத்துவிட வேண்டுமா, விட்டுவிடலாமா என்று தாளில் இல்லாததால், அவற்றை நானாகவே கழற்றி வைத்தேன்.

மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன், பல ஆண்டுப் பழக்கத்தால் கேஜ் வைத்துக் காற்றழுத்தத்தைப் பார்த்தேன். வலது முன் டயரில் 120 அப்படியே இருந்தது. இடது முன் டயரில் 85 மட்டுமே இருந்தது. எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைத்தால் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. பின்னைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியின் அடியில் பிடித்துப் பார்த்தபோது, அதன் அடிப்பக்கத்து ரப்பர் வளையத்துக்கும் அது போய் அமரும் இடத்துக்கும் நடுவே தங்கள் மணி ஒன்று, கடுகில் பாதிகூட இராது, பிதுங்கி நின்றது. ரப்பரில் அது பதிந்த பள்ளமும் தெளிவாகத் தெரிந்தது. காற்றடித்து முடித்துக் குழாயை எடுக்கும்போதோ கேஜை வைத்து அழுத்தும்போதோ, உள்ளிருந்து மேலெழும் காற்றோடு ஒரு மணி வந்து அங்கே சிக்கிக்கொண்டால் வால்வு பின் மூடவே மூடாது. இதைத் தடுக்கத்தான் அடியில் வலை வைத்த வால்வு பின் என்று ஒன்று உண்டு. அது தங்கள் பொட்டலத்தில் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்ற ஒரு வரிகூடத் தாளில் இல்லை.

ஸ்டீயரிங் அச்சில் இருக்கும் டயர் இது என்பதைத் தாங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். காற்று குறைந்த டயர் சுமையோடு ஓடும்போது அதன் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது, மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது, அந்தச் சூட்டிலேயே உள்ளடுக்குகள் பிரிந்து வெடிக்கவும் கூடும். பின் அச்சின் இரட்டைச் சக்கரத்தில் ஒன்று வெடித்தால் மற்றொன்று தாங்கிக்கொள்ளும். முன் டயருக்கு அப்படித் துணை கிடையாது. அன்று காலை நான் கேஜ் வைக்காமல் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

வேறு வால்வு பின் மாற்றி, காற்றடித்து, ஒரு வாரம் ஓட்டினேன். மணிகள் இடுவதற்கு முன் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் இருந்தது. அது போகும் என்றுதான் மணிகளை இட்டேன். நடுக்கம் போகவில்லை. கூடியது. நான்காம் நாள் தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, டிஸ்க் வளைந்திருக்கும், டயர் வட்டமாக இராது, மணிகள் அதற்குப் பொறுப்பல்ல என்றார் தங்கள் ஊழியர். வட்டம் கெட்ட டயரையும் வளைந்த டிஸ்கையும் எந்த மணியாலும் சரிசெய்ய முடியாது என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆகவே அன்றே இரு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, அசையாத ஒரு தாங்கியில் கம்பியைக் கட்டி, அதன் முனையை டயரின் ஓடுபரப்புக்கு நெருக்கமாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். முழுச் சுற்றிலும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறவில்லை. டிஸ்கின் விளிம்பையும் அவ்வாறே பார்த்தேன். வீல் பேரிங்கிலும், முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னிலும் ஆட்டம் இல்லை.

அதன் பிறகு டயர்களைக் கழற்றச் செய்தேன். உள்ளே நான் கண்டதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. மணலைப் போல உதிர்ந்து ஓட வேண்டிய மணிகள், மழை நின்ற மறுநாள் தரையில் கிடக்கும் மணல்கட்டிகளைப் போல உட்பரப்பில் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தன. வலது டயரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. விரலால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. சுரண்டிய விரல் ஈரமாக இருந்தது.

இதன் பொருள் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும், தங்கள் ஊழியர் சொன்ன காரணம் பொருந்தாது என்பதைக் காட்ட எழுதுகிறேன். சக்கரம் சற்று வேகமெடுத்ததும் மணிகள் சுழலும் விசையால் உட்பரப்போடு ஒட்டிப் படர்ந்து சுற்றுகின்றன. சஸ்பென்ஷனின் இயல்பான அதிர்வு வேகத்தைத் தாண்டிய பிறகு, கனமான பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நோக்கி அவை நகர்ந்து சமன் செய்கின்றன. நகர முடிந்தால்தான் இதெல்லாம் நடக்கும். கழற்றிய சக்கரங்களை, மணிகளைத் துடைத்தெடுத்துவிட்டு பேலன்சிங் இயந்திரத்தில் ஏற்றியபோது, வலதுக்கு டிஸ்க் விளிம்பில் 170 கிராமும் இடதுக்கு 110 கிராமும் எடைக்கட்டி அடிக்க வேண்டியிருந்தது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இந்த டயர் நொடிக்கு ஏறத்தாழ 7 முறை சுற்றுகிறது. அந்த வேகத்தில் விளிம்பில் உள்ள 170 கிராம் ஏற்படுத்தும் இழுப்பு ஏறத்தாழ 9 கிலோ எடைக்குச் சமம். ஆனால் டயரின் உட்பரப்பு டிஸ்க் விளிம்பைவிட அச்சிலிருந்து வெகுவாக விலகியிருப்பதால், அதே வேலையை அங்கே 100 கிராம் அளவுள்ள மணிகளே செய்துவிடும். நான் இட்டதோ 340 கிராம். ஆகவே அளவு போதாமல் போகவில்லை. மணிகள் கட்டியாகி நகராமல் நின்றன. நகராத திட்டு தானே ஒரு புதிய கனமாகி, இருந்த நடுக்கத்தோடு சேர்ந்துகொண்டது. எடைக்கட்டி அடித்த பிறகு, அதே டயர், அதே டிஸ்க், அதே சாலையில் நடுக்கம் அறவே இல்லை.

டயரைக் கழற்றியபோது நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உள்ளே மணிகள் இருக்கின்றன என்று நான் சொல்லியிருந்தும், கட்டியாகாமல் மிஞ்சியிருந்தவை தரை முழுக்கக் கொட்டின. கழற்றிய தொழிலாளி அவற்றில் கால் வைத்து வழுக்கி, கையூன்றித்தான் தப்பினார். நான் அருகில் இல்லாமல், வேறு யாரோ பஞ்சர் பார்க்க அந்த டயரைக் கழற்றியிருந்தால் அவருக்கு எந்த முன்னறிவிப்பும் இருந்திராது. “உள்ளே மணிகள் உள்ளன” என்று டிஸ்கில் ஒட்டுவதற்கு ஒரு சிறு ஒட்டுத்தாள் தங்கள் பொட்டலத்தில் ஏன் இல்லை?

இத்தனையையும் படங்களோடு தங்களுக்கு அனுப்பினேன். வந்த பதில்தான் என்னை மிகவும் வருத்தியது. கம்ப்ரசர் காற்றில் ஈரம் இருந்தால் மணிகள் கட்டியாகும், உலர்ந்த காற்றைத்தான் அடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தீர்கள். வலை வைத்த வால்வு பின்னைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டுமே சரியான செய்திகள். என் டேங்கிலிருந்து நீரை வடித்தேன் என்றாலும், அதிலிருந்து வந்த காற்று முழுக்க உலர்ந்திருந்தது என்று நான் வாதிட மாட்டேன். வீட்டில் வைத்திருக்கும் கம்ப்ரசர்களில் உலர்த்தி இருப்பதே அரிது. ஆனால் தாங்கள் அறிந்திருந்த இந்த இரண்டு செய்திகளும், பணம் கொடுத்து வாங்கியவனின் கைக்குக் கிடைத்த தாளில் இல்லாமல், புகார் செய்தவனுக்கு எழுதிய பதிலில் மட்டும் இருப்பது எந்த விதத்தில் நியாயம்? பட்டறையில் இந்த வேலை நடந்தால் கேட்பதற்கு அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருப்பார். வீட்டில் தனியாகச் செய்பவனுக்கு அந்தத் தாள் ஒன்றுதான் துணை. வீட்டிலேயே செய்யலாம் என்று எழுதி விற்கும்போது, வீட்டில் என்னவெல்லாம் தவறக்கூடும் என்பதையும் எழுதும் கடமை தங்களுடையது.

பிரிக்காத பொட்டலம் ஒன்றைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் கைப்பிடி மணிகளை இட்டு, சில சொட்டு நீர் தெளித்துக் குலுக்கியும் பார்த்தேன். உடனே கட்டியாயின. இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகும் பாதி மணிகள் உதிரவில்லை. இந்தச் சோதனையைத் தங்கள் தொழிற்கூடத்தில் செய்து பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அந்தக் குவளையை அப்படியே வைத்திருக்கிறேன், விரும்பினால் அனுப்புகிறேன்.

ஆகவே, ஆறு பொட்டலங்களுக்கும் நான் செலுத்திய முழுத் தொகையையும், முன் டயர்கள் இரண்டையும் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டி பேலன்சிங் செய்த கூலியையும் தாங்கள் திருப்பித் தர வேண்டும். பிரிக்காத மூன்று பொட்டலங்களை இக்கடிதத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ரசீதின் நகலும் படங்களும் இணைப்பில் உள்ளன. பணத்தைவிட எனக்கு முக்கியமானது இனி வெளிவரும் ஒவ்வொரு பொட்டலமும்தான். உலர்ந்த காற்று கட்டாயம் என்பதும், பழைய எடைக்கட்டிகளை என்ன செய்ய வேண்டும் என்பதும், டயர் அடைப்புத் திரவம் இட்ட டயரில் இந்த மணிகளை இடக் கூடாது என்பதும், வட்டம் கெட்ட டயரை இது சரிசெய்யாது என்பதும் தாளின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் வர வேண்டும். வலை வைத்த வால்வு பின்னையும் எச்சரிக்கை ஒட்டுத்தாளையும் பொட்டலத்தின் உள்ளேயே வைத்துத் தர வேண்டும். இதற்கு முன் வாங்கி, முன் டயர்களில் இட்டு, சாதாரணப் பின்னோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு, தங்களிடம் பதிவாகியுள்ள விவரங்களைக் கொண்டு உடனடியாகத் தகவல் அனுப்ப வேண்டும். மற்றவற்றுக்கு அவகாசம் தரலாம், இதற்குத் தர முடியாது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். கிடைக்காவிட்டால், வால்வில் சிக்கிய மணியின் படத்தையும் தங்கள் ஊழியர் அனுப்பிய பதிலையும் இணைத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்

இணைப்பு: ரசீது நகல், வால்வு பின் மற்றும் டயர் உட்புறப் படங்கள், தங்கள் பதிலின் நகல், பிரிக்காத பொட்டலங்கள் மூன்று.