பிடிக்கிற கைக்கு ஒரு கோன்

நார்ஃபோக், வர்ஜீனியா

அன்புள்ள ரத்தினம்,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வரன் அமைந்த செய்தியை வாசித்துக் காட்டியதும் சரோஜா கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளைக்கு எந்த ஊராம்?" என்பதுதான். நீ ஊரை எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் முதல் வரியில் அதை எழுதிவிடு. லேத் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறாய் என்று படித்ததும் எனக்கு நிம்மதி. அதை நாலு வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

இங்கே எல்லாரும் நலம். உன் தங்கச்சி சரோஜாவுக்கு நடை நன்றாகத் தேறிவிட்டது. தெருமுனை வரைக்கும் கைத்தடி இல்லாமல் போய் வருகிறாள். வலது கைதான் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. விரல் மடங்குகிறது, பொருளைப் பிடிக்கிறது. ஆனால் எவ்வளவு அழுத்த வேண்டும் என்ற கணக்கு கைக்குத் தெரிவதில்லை. எவர்சில்வர் டம்ளர் என்றால் தாங்கும். அப்பளம் என்றால் நொறுங்கிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் எங்களை டூமார்ஸ் என்ற கடைக்குக் கூட்டிப்போனாள். மான்டிசெல்லோ அவென்யூவில் 1934 முதல் இருக்கிற கடை. காரிலேயே உட்கார்ந்தால் ஆள் வந்து கேட்டு, கொண்டுவந்து கொடுப்பார்கள். இந்தக் குடும்பத் தொழிலைத் தொடங்கிய ஏப் டூமார் டமாஸ்கஸிலிருந்து பிழைக்க வந்தவர். நாலு அச்சு வைத்து ஐஸ்கிரீம் கோன் சுடுகிற ஒரு மெஷினை அவர் அந்தக் காலத்திலேயே செய்து வாங்கினார். அது இன்னும் அங்கே ஓடுகிறது. நான் காரை விட்டு இறங்கிப்போய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் மாவை ஊற்றி மூடி, தீயில் திருப்பிப் போட்டு எடுக்கிறார்கள். எடுக்கும்போது அது துணி மாதிரி வளைகிறது. மாவில் இருக்கும் சர்க்கரை சூட்டில் இளகி இருப்பதால்தான் அப்படி. அந்தச் சில விநாடிக்குள் கூம்பாகச் சுருட்டிவிட வேண்டும். ஆறினால் சர்க்கரை இறுகி, அப்படியே நின்றுவிடும். நீ பார்த்திருந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டாய்.

அப்புறம்தான் அது நடந்தது. சரோஜா ஆசையாக வலது கையில் கோனை வாங்கினாள். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், விரல் இறுகி கோன் உடைந்து, ஐஸ்கிரீம் முழுவதும் மடியில் விழுந்தது. பேரன் ஓடிப்போய்க் காகிதம் கொண்டுவந்தான். அவள் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "இனிமே எனக்குக் கப்பிலயே வாங்குங்க" என்றாள், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் வ.உ.சி. மைதானப் பொருட்காட்சிக்கு நாம் நாலு பேரும் போனோமே, அன்றைக்கு ராட்டினத்தில் கூட ஏறாமல் இரண்டாவது கோனுக்கு வரிசையில் நின்றவள் அவள். அவள் கப்பில் வாங்குங்கள் என்று சொன்னது எனக்கு இரவு முழுக்கத் தூக்கம் வரவிடவில்லை.

மறுநாளிலிருந்து பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோன் ஐஸை ஒழுகாமல் உடையாமல் பிடிக்க மனிதர்கள் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். ரத்தினம், இதில் இவ்வளவு பேர் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

முதலில், கோன் என்பதே பாத்திரம் கழுவுகிற தொல்லைக்காக வந்தது. லண்டனில் அந்தக் காலத்துத் தெரு வண்டிக்காரர்கள் கெட்டியான ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு பென்னிக்கு ஐஸ்கிரீம் வைத்துக் கொடுப்பார்கள். நக்கிச் சாப்பிட்டுவிட்டுக் குப்பியைத் திருப்பித் தர வேண்டும். வண்டிக்காரர் அதை ஒரு துணியால் துடைத்து, அடுத்த ஆளுக்கு அதிலேயே வைத்துக் கொடுப்பார். நோய் பரவுகிறது என்று கடைசியில் தடையே போட்டார்கள். நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட் பக்கம் வண்டி வைத்திருந்த இத்தாலிக்காரர் இட்டாலோ மார்க்கியோனிக்கு வேறு கஷ்டம். அவருடைய கண்ணாடிக் கிண்ணங்களை ஜனங்கள் உடைத்தார்கள், இல்லையென்றால் கையோடு கொண்டுபோனார்கள். அதனால் கிண்ணத்தையே தின்கிற மாதிரி சுட்டுவிட்டார். 1903 செப்டம்பரில் விண்ணப்பித்து டிசம்பர் 15-இல் அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முந்தின வருஷமே மான்செஸ்டரில் இருந்த அன்டோனியோ வால்வோனா பிஸ்கட் கப் சுடும் கருவிக்குக் காப்புரிமை எடுத்திருந்தார்.

அதன் பிறகு 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சி. நான்தான் முதலில் சுருட்டினேன் என்று அங்கே பல பேர் சொன்னார்கள். டூமார் குடும்பத்துக்கும் அந்தக் கதை உண்டு. எர்னஸ்ட் ஹம்வி என்ற சிரியாக்காரர் சலாபியா என்ற மொறுமொறு பலகாரம் விற்றார், பக்கத்துக் கடையில் ஐஸ்கிரீம் கிண்ணம் தீர்ந்துபோனதும் தன் பலகாரத்தைச் சுருட்டிக் கொடுத்தார் என்பது இன்னொரு கதை. யார் முதல் என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. ஆனால் அந்த சலாபியா என்ற பெயரும் நம் ஜிலேபி என்ற பெயரும் ஒரே வேர் என்று தெரிந்ததும் சரோஜாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்கும் சந்தோஷம்.

எனக்கு மனதில் நின்றது மார்க்கியோனியின் படம்தான். பேரன் அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினான். அது கூம்பே இல்லை. அடி தட்டையான சின்னக் கிண்ணம், பக்கவாட்டில் ஒரு குட்டிக் கைப்பிடி. கைப்பிடியும் மாவில்தான், அதையும் தின்றுவிடலாம்! கைப்பிடி இருப்பதால் அச்சை இரண்டாகப் பிளந்து செய்திருக்கிறார், உடையாமல் எடுக்க வேண்டுமே. கைப்பிடி வைப்பது எவ்வளவு கூடுதல் வேலை என்று உனக்குத் தெரியும். அந்த மனிதர் அச்சு போடும்போது பிடிக்கிற கையையும் நினைத்திருக்கிறார். பின்னால் 1912-இல் போர்ட்லண்டில் பிரெடரிக் பிரக்மன் சுருட்டும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார், கூம்பு வந்து குவிந்தது, கைப்பிடி போய்விட்டது. எனக்கு அது பெரிய நஷ்டமாகவே படுகிறது.

ஒழுகுவதற்கு வைத்தியம் பார்த்தவர்களில் நான் மெச்சுவது நேப்பிள்ஸில் இருந்த ஸ்பிக்கா கம்பெனியை. ஐஸ்கிரீமின் ஈரம் ஏறி கோன் நமுத்துப் போகும் என்பதால் கோனைத் தனியாக, ஐஸ்கிரீமைத் தனியாகத்தான் வைத்து விற்க முடிந்தது. 1959-இல் அவர்கள் கோனின் உள்பக்கம் எண்ணெய், சர்க்கரை, சாக்லேட் கலந்து ஒரு பூச்சு கொடுத்தார்கள். ஈரம் உள்ளே போகாது, மாதக்கணக்கில் ஃப்ரீசரில் கிடந்தாலும் மொறுமொறுப்பு இருக்கும். அதுதான் கார்னெட்டோ. பூச்சு வழிந்து நுனியில் தேங்கியதுதான் கடைசி வாய்க்கு வருகிற அந்தச் சாக்லேட் கட்டி. நுனியில் ஓட்டை விழுந்து ஒழுகுவதும் அதனால் நின்றது.

மற்றவை பலவிதம். கோன் தானாகச் சுற்றுவதற்கு மோட்டார் வைத்த பிடிக்கு 1999-இல் இங்கே காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். நாக்கை நீட்டி வைத்தால் போதும், அது சுற்றிக்கொள்ளும். நாலு கோனை நிறுத்தி எடுத்துப்போக ஓட்டை போட்ட அட்டைத் தட்டு, கோனைச் சுற்றிக் காகித உறை, வழிகிற சொட்டைப் பிடிக்கப் பிளாஸ்டிக் வளையம். நல்ல கையும் காலும் உள்ளவனுக்கு இதில் காகித உறையே போதும் என்பது என் எண்ணம். தனியாக ஒரு கருவி வாங்கினால் அதைக் கழுவ வேண்டும், தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஆனால் சரோஜாவின் கைக்கு அந்தக் கணக்கு செல்லாது. அவளுக்குக் கழுவிக் கழுவிப் பயன்படுத்துகிற தனிக் கருவிதான் வேண்டும்.

கடையில் ஒரு பிளாஸ்டிக் பிடி வாங்கிப் பார்த்தேன். உடம்பு மெலிசு, அவள் அழுத்தினால் உள்ளே இருக்கிற கோனும் சேர்ந்து நெரிகிறது. பிறகு வீட்டில் ஒரு காபி மக்கை எடுத்து, கோனை உள்ளே நிறுத்தி, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் காகிதக் கைக்குட்டையைச் சுருட்டித் திணித்தேன். மக்கின் காதுக்குள் அவள் இரண்டு விரலை விட்டுத் தூக்கினாள். தூக்கி, வாய் வரைக்கும் கொண்டுபோய், ஒரு சொட்டு சிந்தாமல் சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். ஆனால் மக் கனம். பாதியில் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, இடது கையைக் கொடுத்து முடித்தாள்.

அதனால்தான் அவளுக்கு ஒரு கோன் பிடி கடைந்து தரச் சொல்லி உன்னிடம் கேட்கிறேன். உன் பட்டறையில் வெள்ளை நைலான் ராடு இருக்கும். 75 மில்லிமீட்டர் ராடில் 125 நீளம் எடுத்துக்கொள், எல்லா அளவும் மில்லிமீட்டரில்தான். நான் அளந்த கோன் மேல்வாய் 50, உயரம் 115. அதனால் காம்பவுண்ட் ஸ்லைடை 12 டிகிரிக்கு வைத்து, கீழே போகப்போகக் குறுகுகிற மாதிரி டேப்பர் குடை: மேலே 48, 80 ஆழத்தில் 14. அதற்குக் கீழே 14-இலேயே நேராக இன்னும் 35 டிரில் போடு. கோனின் நுனி அடியைத் தொடாமல் நிற்கும், ஒழுகினாலும் அங்கே தேங்கும். மேல் விளிம்பை 75-ஆகவே விட்டு, வழிகிறது நிற்க ஒரு காடி வெட்டிவிடு. கோன் வாயை ஒட்டிச் சுவர் கொஞ்சம் கனமாக இருக்கட்டும், அவள் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகக் கூடாது. கைபிடிக்கிற கீழ்ப்பகுதியை 38-க்கு இறக்கு. நர்லிங் போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டாம், அவளுக்கு விரல் உறுத்தும். விரல் பதிய மூன்று லேசான பள்ளம் போதும். முனை எல்லாவற்றையும் மழுக்கி, எமரித் தாள் போட்டு வழவழப்பாக்கிவிடு.

கனத்தைக் குறைக்க வழி இருந்தால் உன் இஷ்டம்போல் செய், அதில் என்னைவிட உனக்குத்தான் கை ஓடும். நாங்கள் வருகிற மாதம் கடைசி வாரம் ஊர் வந்து சேருகிறோம். சரோஜாவுக்கு இதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. தங்கச்சியிடம் நீயும் போனில் உளறிவிடாதே.

மாப்பிள்ளை ஊரை மறக்காமல் எழுது.

அன்புடன்,
சண்முகம்