ஜேம்ஸ் டெய்லர் வம்சாவளி அறிக்கை: பிழைத் திருத்தமும் பணம் மீளளிப்பும்

வம்சாவளி ஆய்வு நிறுவன முகாமையாளர் அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா/அம்மா,

இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் முன்னோரைத் தேடித் தரும்படி 480 பவுண்டு முற்பணம் செலுத்தினோம். நீங்கள் அனுப்பிய அறிக்கை வேறொருவருடைய குடும்பத்தைப் பற்றியது.

டெய்லர் 1835 இல் ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரில், ஓகன்பிளே அருகே பிறந்தவர். தந்தை மைக்கேல், வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். தாய் மார்கரெட் மொயர். இவை கோரிக்கைப் படிவத்திலேயே இருந்தன. அப்படியிருக்க, கிளாஸ்கோவில் ஞானஸ்நானம் பெற்ற இன்னொரு ஜேம்ஸ் டெய்லரைப் பிடித்து, அங்கிருந்து மூன்று தலைமுறை ஏறியிருக்கிறீர்கள். ஸ்கொட்லாந்தின் பழைய பங்குப் பதிவேடுகளில் (தேவாலயப் பங்குகள் வைத்திருந்த ஏடுகளில்) தாயின் கன்னிக் குடும்பப் பெயரும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். பெயர்ச் சுட்டிப் பட்டியலோடு நின்றுவிடாமல் மூலப் பக்கத்தைத் திறந்து 'மொயர்' இருக்கிறதா என்று பார்த்திருந்தால் இந்தத் தவறே நேர்ந்திராது.

1841 குடிசன மதிப்பீட்டையும் தவறாக வாசித்திருக்கிறீர்கள். அதில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதுவதே விதி. 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். அந்த வயதைக் கழித்துத் துல்லியமான பிறப்பாண்டு சொல்ல முடியாது. உறவுமுறையும் அதில் இல்லை. ஒரே வீட்டிலிருந்த டெய்லர்கள் அனைவரையும் உடன்பிறந்தோர் ஆக்கியது எந்த ஆதாரத்தில்?

மூத்த மகன் ஜேம்ஸ், ஆகவே தந்தைவழிப் பாட்டனும் ஜேம்ஸ் என்கிறது அறிக்கை. தலைமகனுக்குப் பாட்டன் பெயரிடும் வழக்கம் அங்கே உண்டுதான். அதைத் தேடலுக்குத் துப்பாகக் கொள்ளலாம், சான்றாகக் காட்டக் கூடாது.

1892 ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்து மரணப் பதிவேடுகளைத் தேடியதற்கு ஐந்து மணி நேரக் கட்டணம் சேர்த்திருக்கிறீர்கள். டெய்லர் அந்த ஆண்டில் இறந்தது இலங்கையில். கல்லறை கண்டி மஹய்யாவையில் இருக்கிறது. இந்தத் தொகையை நாங்கள் ஏற்கவே மாட்டோம்.

செய்திருக்க வேண்டியது வேறு. ஸ்கொட்லாந்தில் பிறப்பு, திருமணம், மரணம் ஆகியவற்றின் அரச பதிவு 1855 ஜனவரி 1 இல் தொடங்கியது. அதன் பின் தந்தையோ அவருடைய உடன்பிறந்தோரோ இறந்திருந்தால், மரணப் பதிவில் அவர்களின் பெற்றோர் பெயர்கள் கிடைக்கும். தகவல் சொன்னவர் தெரியாமல் பிழையாகச் சொல்லியிருக்கவும் கூடும் என்பதால், ஒரு பதிவோடு நிறுத்தாமல் இரண்டு மூன்றை ஒப்பிட வேண்டும். பிறகே, ஓகன்பிளே அடங்கிய ஃபோர்டூன் பங்கின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகளுக்குப் போக வேண்டும். அங்கே பெயர் இல்லாவிட்டால் பிள்ளையே பிறக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பங்கு ஏடுகளில் பதிவது கட்டாயமாக இருக்கவில்லை. ஸ்கொட்லாந்துத் திருச்சபையில் 1843 இல் ஏற்பட்ட பிளவுக்குப் பின், பிரிந்து உருவான சுதந்திர சபைக்குப் போன குடும்பங்களை அச்சபையின் ஏடுகளில்தான் தேட வேண்டும். எடின்பரோ தேசிய நூலகத்தில் உள்ள டெய்லரின் கடிதங்களையும் அறிக்கை தொடவில்லை.

எனவே 14 நாட்களுக்குள் ஐந்து மணி நேரக் கட்டணத்தைத் திருப்பி அனுப்புங்கள். மீதித் தொகைக்கு, ஒவ்வொரு தலைமுறைக்கும் மூலப் பதிவின் படப் பிரதியும் பதிவேட்டு இலக்கமும் இணைத்து 60 நாட்களுக்குள் புதிய அறிக்கை தாருங்கள். உறுதிப்படுத்த முடியாத இணைப்பை 'உறுதியில்லை' என்றே குறியுங்கள். இது இயலாதென்றால் முழுத் தொகையையும் மீளளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வுக் குழுவினர்
கண்டி