பிர்கி ஊராருக்கு ஒரு நன்றி மடல்

கிரீஸ் நாட்டுக் கியோஸ் தீவு, பிர்கி கிராமத்து மக்களுக்கும், முக்கியமாகச் சதுக்கத்துக்குப் பின் சந்தில் இருக்கும் யாயாவுக்கும் (உங்கள் பாஷையில் பாட்டி) அவர் பேரனுக்கும்,

வணக்கம். நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாடிப்படி ஏறுகிறார். "தமிழிலேயே எழுதுங்கள், போனில் போட்டுப் பாட்டிக்குப் படித்துக் காட்டுகிறேன்" என்று தம்பி சொன்னதை நம்பித்தான் எழுதுகிறேன். போன் ஏடாகூடமாக எதையாவது மொழிபெயர்த்தால் நான் பொறுப்பில்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வாசற்படியில் மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்த யாயாவைக் கேட்காமல் கொள்ளாமல், நடந்துகொண்டே படம் எடுத்தேன். அவர் கையை வீசி ஏதோ சொன்னார். பாஷை தெரியாவிட்டால் என்ன, திட்டு புரியாமல் போகுமா? தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிட்டேன். என் வீட்டுத் திண்ணையில் நான் முறத்தோடு இருக்கும்போது எவளோ ஒருத்தி வந்து படம் பிடித்தால், நான் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத்தான் சொல்லியிருப்பேன்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதே யாயா தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, இவர் காலில் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

இவர் 35 வருஷம் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். மகன் கிரீஸ் போகலாம் என்றபோது கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் ஊர்ச் சுவர்களின் படத்தைப் பார்த்ததும்தான் கிளம்பினார். கறுப்பு மணல் கலந்த காரையைப் பூசி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காய்வதற்குள் சுரண்டிச் சுரண்டி முக்கோணமும் சதுரமும் வட்டமுமாக எடுக்கிறீர்களே, அந்த வேலை. அதற்கு நீங்கள் சொல்லும் பெயரான க்சிஸ்தா என்பதற்குச் சுரண்டியது என்றே அர்த்தமாமே. சுவரோடு விட்டால் பரவாயில்லை, பால்கனியின் அடிப்பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை நீங்கள். அதை அண்ணாந்து பார்த்தபடி பின்னால் நகர்ந்தவர், கல் படி இருப்பதைக் கவனிக்கவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். காப்பிக் கடையில் இருந்த நாலு பேர் தூக்கி உட்கார வைத்தார்கள். சுகாதார நிலையத்து டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்குத்தான் என்றார். இதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. சந்தில் போன ஒவ்வொருவரும் நின்று "பெரஸ்திகா" என்றார்கள். சீக்கிரம் சரியாகிப் போகட்டும் என்று சொல்வதாம். அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது தடவையாவது கேட்டிருப்போம்.

யாயா எங்களை மேல் அறையில் தங்க வைத்ததற்கு மட்டுமல்ல, மறுநாள் காலையில் என் கையில் ஒரு சின்னக் கத்தியைக் கொடுத்ததற்கும் நன்றி சொல்ல வேண்டும். தட்டில் மஸ்திஹாப் பிசின். ஒவ்வொன்றும் பயறு அளவு, மொச்சை அளவு, மங்கிய கண்ணாடி மாதிரி. ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருக்கும் மண்ணையும் பட்டைத் தூளையும் கத்தி முனையால் வழிக்க வேண்டும். அழுத்தினால் உடைகிறது, பயந்தால் அழுக்கு போகவில்லை. யாயா மூன்று முடிக்கும் நேரத்தில் நான் ஒன்று முடித்தேன். அதையும் அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் தட்டிலேயே திருப்பிப் போட்டார்!

தம்பி சொல்லித்தான் இந்தப் பிசினுக்குப் பின்னால் உள்ள பாடு தெரிந்தது. ஜூலையில் மரத்தடியைக் கூட்டி, வெள்ளை மண் பரப்பி, பட்டையில் கீறிவிட்டு, சொட்டியது இறுகும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து, குனிந்து பொறுக்குவது. ஒரு மரத்தில் வருஷத்துக்கு 150, 200 கிராம் கிடைத்தால் உண்டு. இதே ஜாதி மரம் மத்தியதரைக் கடலோரம் எங்கும் இருந்தாலும், இப்படி இறுகும் பிசின் உங்கள் தீவின் தென்பக்கத்து 24 கிராமங்களில்தான் என்று அவன் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு. இருக்க வேண்டியதுதான். 2014-ல் யுனெஸ்கோவே இந்தத் தொழிலறிவைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எங்கள் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று பொட்டலம் கட்டித் தருவது இதுதான். அம்மா வாங்கி வரச் சொல்லிச் சின்ன வயதில் எத்தனையோ முறை ஓடியிருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

குளிர்ந்த தண்ணீர் டம்ளரில் வெள்ளை மஸ்திஹா மிட்டாயைக் கரண்டியோடு முக்கிக் கொடுத்து, "நீர்மூழ்கிக் கப்பல்" என்றீர்களே, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி என் பேத்தி இன்னும் சிரிக்கிறாள். தித்திப்புத்தான் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

சாரத்திலிருந்து இறங்கி வந்து பார்த்த கொத்தனார் அண்ணாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. இவர் தமிழில் கேட்டார், அவர் கிரேக்கத்தில் பதில் சொன்னார். கலவைக் கணக்கை இருவரும் விரல் விட்டு எண்ணினார்கள். பல் வைத்த முள்கரண்டி மாதிரி அந்தக் கருவியை இவர் கையில் கொடுத்து, ஒரு பலகையில் காரை பூசிக் கீறச் சொன்னார். இவருடைய முதல் முக்கோணம் கோணலாகப் போனது. எங்கள் வீட்டுக் கட்டடத்தில் யாராவது அப்படிக் கீறியிருந்தால் இவர் கத்திய கத்தில் தெருவே கூடியிருக்கும். அங்கே சின்னப் பிள்ளை மாதிரி, இன்னொரு தடவை என்று கேட்டு உட்கார்ந்திருந்தார்.

தன் வண்டியில் டவுன் வரை கொண்டுபோய் விட்டவரின் பெயர்கூடக் கேட்க முடியவில்லை. பெட்ரோலுக்கு நீட்டிய பணத்தை வாங்காமல், ஒரு சரம் தக்காளியை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். உங்கள் பால்கனிகளில் நூலில் கோத்துத் தொங்குமே, அதேதான். விமானத்தில் கொண்டுவர முடியாது என்பதால் ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸ் போகும் கப்பலிலேயே ரொட்டியோடு தின்று தீர்த்தோம்.

யாயா, அந்தப் படத்தை அன்றைக்கே அழித்துவிட்டேன். கிளம்பும்போது நீங்களே கூப்பிட்டுத் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்து எடுக்கச் சொன்னீர்களே, அது மட்டும் இருக்கிறது. கத்தியோடு, சிரிக்காமல், நேராகப் பார்த்தபடி.

உங்கள் தலைத்துணியைத் துவைத்துவிட்டேன். ஒரு மூலையில் பிசின் ஒட்டியிருந்தது, சோப்புக்கு அசையவில்லை. கை விரலுக்கு நீங்கள் செய்த மாதிரி எண்ணெய் தொட்டுத் தேய்த்ததும் விட்டது. உங்களிடம் இருந்தது ஆலிவ் எண்ணெய், என்னிடம் தேங்காய் எண்ணெய்தான். வாசம் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். இந்த வாரம் தபாலில் போடுகிறேன்.