தூத்துக்குடி வெயிலைப் படம் பிடிக்க வரும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக்கோட்டைக் காட்டிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் போடுகிறேன். இனி பதில் எழுதாமல் தப்ப முடியாது.

புதுக் கேமரா வாங்கியிருக்கிறாயாம், ஊருக்கு வந்து ஒரு வாரம் படம் எடுக்கப் போகிறாயாம். உங்கப்பா சொன்னார். கூடவே நீ அவரிடம் கேட்டதையும் சொன்னார்: "தூத்துக்குடியில வெயிலத் தவிர எடுக்க என்னப்பா இருக்கு?"

ஒன்றும் இல்லைதான். மலை கிடையாது, அருவி கிடையாது. கடல் இருக்கிறது, ஆனால் பெரிய அலை கிடையாது. எதிரே வான் தீவு, காசுவார் தீவு, காரைச்சல்லி என்று தீவுகளும் அவற்றைச் சுற்றிப் பவளப்பாறையும் கிடப்பதால், அலையின் வேகமெல்லாம் அங்கேயே அடங்கிவிடும். கரைக்கு வருவது குளத்துத் தண்ணீர் மாதிரி சளசளப்புதான். மெரினா பார்த்துப் பழகிய உனக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் ஊரில் எடுக்க வேண்டியதே அந்த வெயில்தான் என்பது என் கட்சி. அதை ஒழுங்காக எடுத்துவிட்டால் வேறு எதுவும் தேவையில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நம்ம ஊரில் வெளிச்சம் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை, கீழேயிருந்தும் வரும். உப்பளத்துக்குள் போய் நின்று யார் முகத்தையாவது பார். வேறு ஊரில் உச்சி வெயிலில் நிற்பவருக்குக் கண்குழியிலும் மூக்குக்குக் கீழேயும் தாடைக்கு அடியிலும் கறுப்பாக நிழல் விழும். அளத்தில் அந்த நிழல் நீங்கிப் போயிருக்கும். காலடியில் இருக்கிற பாத்தித் தண்ணீரும் வெள்ளை உப்பும் வெயிலைத் திருப்பி மேலே அடிக்கும். தாடையின் அடிப்பக்கம் கூடப் பளிச்சென்று தெரியும். ஸ்டூடியோவில் தெர்மாகோல் அட்டை பிடிப்பீர்களே, அந்த வேலையை இங்கே பல ஏக்கர் நிலம் செய்கிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தலைப்பாகை கட்டினாலும் தொப்பி போட்டாலும் அங்கே கண்ணுக்கு நிழல் கிடையாது. சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உப்பு வாரும் பெண்களைப் பார்ப்பாய். துண்டு வெயிலைத் தடுக்கும். கீழேயிருந்து வருவதை எதை வைத்துத் தடுப்பது? கண் எரிச்சல், கண்ணில் நீர் வடிதல், கொஞ்ச வருஷத்தில் பார்வை மங்கல் என்று அளத்து வேலைக்காரர்கள் சொல்லாத நாள் கிடையாது. நீ அழகு என்று தேடி வருகிற வெளிச்சம் இதுதான். அழகு இல்லை என்று நான் சொல்லவில்லை. இதையும் தெரிந்துகொண்டு எடு.

அதனால்தான் அவர்கள் விடியும் முன்னே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். நீ எழுந்து பல் விளக்கும் நேரத்தில் அவர்களுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். சூரியன் நன்றாக ஏறியதும் கரையேறிவிடுவார்கள். இணையத்தில் பார்க்கிற நம்ம ஊர் உப்பளப் படங்களில் பெரும்பாலும் ஆளே இருக்காது, கவனித்திருக்கிறாயா? அதெல்லாம் மாலை ஐந்தரைக்கு மேல் எடுத்தது. சூரியன் நிலத்துப் பக்கம் இறங்கும்போது அளம் முழுக்கச் செம்பொன்னாக இருக்கும், யாரும் குறுக்கே வர மாட்டார்கள். அப்படி ஒரு படம் நீயும் எடுப்பாய், தடுக்கவில்லை. ஆனால் காலை ஆறரைக்கு எடுத்த படம் ஒன்றாவது கையில் இல்லாமல் வீட்டுக்குள் வராதே.

உப்பு எப்படி விளைகிறது என்று தெரியாமல் அந்த நிறங்களை எடுக்க முடியாது. கடல்நீரையோ ஆழ்குழாயில் இறைத்த உவர்நீரையோ முதலில் பெரிய பாத்தியில் தேக்குவார்கள். சாதாரணக் கடல்நீர் 3 டிகிரி இருக்கும். சூடு இல்லை, தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் அளவு. போமே அளவு என்பார்கள், அளத்தில் வெறும் டிகிரிதான். வெயிலிலும் காற்றிலும் தண்ணீர் வற்ற வற்ற டிகிரி ஏறும். பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டே போவார்கள். 24, 25 டிகிரி வந்தால்தான் உப்பு விழத் தொடங்கும். அதற்குள் பத்துப் பங்கு தண்ணீரில் ஒன்பது பங்கு ஆவியாகிப் போயிருக்கும். 29, 30-ஐத் தாண்ட விட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும், அதற்கு முன்பே மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இத்தனைக்கும் விறகு, கரி எதுவும் செலவில்லை. இந்தியாவில் உப்புக்கு குஜராத்தை அடுத்து நம்ம பக்கம்தான் என்று பெருமை பேசுகிறோமே, அத்தனையும் வெயிலும் காற்றும் சம்பாதித்துக் கொடுத்தது.

இனி நிறத்துக்கு வருவோம். முதல் பாத்தியில் தண்ணீர் மெலிசு, வானத்தின் நிறம் அப்படியே தெரியும். நடுப்பாத்திகளில் பாசிப்பச்சை. டிகிரி ஏறியதும் உப்புத் தண்ணீரில் மட்டுமே வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, தண்ணீர் இளஞ்சிவப்பாகி செங்கல் நிறத்துக்குப் போகும். கடைசிப் பாத்தியில் வெள்ளை. ஒரே வெயில் சில நூறு அடிக்குள் நாலு நிறம் காட்டும். படத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிறம் ஏற்றுகிற பழக்கம் உனக்கு உண்டு என்று தெரியும். இங்கே ஏற்றினால் பொய் சொன்னதாக ஆகிவிடும், உண்மையே நம்ப முடியாத அளவுக்குத்தான் இருக்கிறது.

உப்பு விழும் பாத்தி ஓரத்தில் குத்தவைத்துப் பத்து நிமிஷம் பார். தண்ணீர் மேல் மெல்லிய ஏடு படியும். உற்றுப் பார்த்தால் அது ஏடு இல்லை. குட்டிக் குட்டிச் சதுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி மிதக்கின்றன. ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் சின்னப் பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளத்துக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் நிற்கும். கனம் கூடியதும் ஒன்று சாயும், மூழ்கும். காற்றுக் கொஞ்சம் வீசினால் எல்லாம் பாத்தியின் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். உன் கேமராவில் கிட்டத்தில் எடுக்கிற லென்ஸ் இருந்தால் கொண்டுவா. வரப்பில் மட்டும் கால் வை, பாத்திக்குள் இறங்கிவிடாதே. அவர்கள் மிதித்து மிதித்து இறுக்கிய தரை அது. உன் ஷூ தடத்தில் சேறு கலந்தால் அந்தப் பாத்தி உப்பு கறுத்துப்போகும்.

எந்த மாதம் வருவது என்று கேட்டாயாம். ஆனி, ஆடியில் வராதே. மேற்கே மலைக் கணவாய்களில் புகுந்து வருகிற கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். வானம் வெளிறிப்போய், தூரத்தில் இருப்பது எதுவும் துலங்காது. உப்புக்கு அந்தக் காற்று நல்லது, உன் லென்ஸுக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் அளத்தில் வேலையே இருக்காது. அந்த மழை மாதங்களுக்காகத் தொழிலாளிக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மூன்று மாதம் குடும்பம் நடத்த அது எந்த மூலைக்கு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். தை, மாசிதான் சரியான நேரம். மழையில் கழுவிய வானம் அப்போதுதான் உண்மையான நீலத்தில் இருக்கும். புது உப்பும் விழ ஆரம்பித்திருக்கும், பூநாரைகளும் வந்து நிற்கும்.

மழை என்றதும் 2023 டிசம்பர் நினைவுக்கு வருகிறது. 17, 18 தேதிகளில் கொட்டிய மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது, இந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அதைவிடக் குறைவு. ஓலை வேய்ந்து பத்திரமாக மூடி வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்து போயின. பாத்தியெல்லாம் வண்டல். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் எங்கும் சேற்று நிறம். ஊரில் வழக்கமாகக் கண் கூசும் இடத்தில் கண் கூசவே இல்லை. அந்த நாட்களில்தான், இந்த ஊர் இத்தனை வெளிச்சமாக இருப்பதற்கு வெயில் மட்டும் காரணமில்லை என்று பலருக்கும் உறைத்தது.

நடுப்பகலில் படம் எடுக்கக் கூடாது என்று உங்கள் வாத்தியார்கள் சொல்லியிருப்பார்கள். இந்த ஊருக்கு அது பொருந்தாது. பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பது டிகிரி கூடத் தள்ளி இல்லை நாம். சூரியன் இங்கே செங்குத்தாக ஏறும், செங்குத்தாக இறங்கும். நீங்கள் கொண்டாடுகிற அந்தப் பொன்வெயில் நேரம் கண்ணிமைப்பதற்குள் போய்விடும். மீதி நாளை என்ன செய்வாய்? லாட்ஜில் படுத்துக் கிடப்பாயா? சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்பும், ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்து நிற்கும். கடிகாரத்தில் 12 அடித்து 18 நிமிஷம் வாக்கில் விளக்குக் கம்பத்துக்கு நிழலே இருக்காது. பீச் ரோட்டில் பனிமய மாதா கோயில் முன்னால் அந்த நேரத்தில் நின்று பார். 1713-இல் கட்டிய கோயில். சுவரின் நிழல் தரையில் எந்தப் பக்கமும் சாயாது, வெள்ளை முகப்பில் விளிம்புகளின் நிழல் மட்டும் நேர் கீழே இறங்கும். தை மாதம் வந்தால் இது கிடைக்காது, அதற்கு இன்னொரு தடவை வர வேண்டும். ஆகஸ்ட் 5 திருவிழாவை ஒட்டி வந்தால் இது கிடைக்காவிட்டாலும் கூட்டத்தை எடுக்கலாம். ஆனால் அப்போது ரூம் கிடைக்காது, நம்ம வீட்டு மொட்டைமாடிதான்.

கடலை விடிகாலையில் திரேஸ்புரத்தில் போய்ப் பார். வள்ளங்கள் கரை சேரும் நேரம். கடல் கிழக்கே என்பதால் சூரியன் நேர் எதிரில் கிளம்பும், ஆட்கள் எல்லாம் கருநிழலாகத்தான் விழுவார்கள். அதுவே நல்லது, யார் முகத்தையும் கேட்காமல் எடுத்த பாவம் வராது. அண்ணாச்சி என்று கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசிவிட்டு எடுத்தால் அவர்களே நின்று காட்டுவார்கள். தீவுகளுக்குப் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் போகாதே. அது 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக அந்தப் பவளப்பாறைகளை வெட்டி வெட்டி எடுத்தார்கள். இந்த ஊர்ப் பழைய வெள்ளைச் சுவர்களில் அந்தக் கடல் சுண்ணாம்பும் உண்டு. பாறை போனதும் தீவுகளும் கரைய ஆரம்பித்தன. விலாங்குசல்லி தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. வான் தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். துறைமுகம் பக்கம் ட்ரோன் ஏதும் பறக்கவிட்டு வம்பை விலைக்கு வாங்காதே.

வெள்ளையாகவே பார்த்துப் பார்த்துக் கண் சலித்தால் ஒரு நாள் தெற்கே போ. திருச்செந்தூர் போகிற வழியில் உள்ளே திரும்பினால் குதிரைமொழித் தேரி. ரத்தச் சிவப்பில் மணல்மேடு. மணல் ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துரு படிந்திருப்பதால் அந்த நிறம். அங்கேயும் கீழேயிருந்து வெளிச்சம் வரும், ஆனால் சிவப்பாக வரும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் இடுப்புக்குக் கீழே ரோஸ் நிறமாகத் தெரியும், செய்து பார். நிழலுக்கு உடை மரத்தை நம்பாதே. குடை மாதிரிதான் விரிந்து நிற்கும், அடியில் நின்றால் சல்லடை வெயில். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் போனால் நல்ல நிழலும் தண்ணீரும் கிடைக்கும்.

கறுப்புக் கண்ணாடி இரண்டு வாங்கி வா. ஒன்று உனக்கு. இன்னொன்றை யாருக்குக் கொடுப்பது என்று அளத்துக்குப் போனால் உனக்கே தெரிந்துவிடும். இரண்டு போதாது என்பதும் தெரியும்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டதும் உடனே சொல். மணியாச்சியில் விழித்து உட்கார்ந்துகொள், கரிசல் மண் முடிந்து வெளிச்சம் மாறுகிற இடம் ஜன்னலில் தெரிய வேண்டும். அளத்துக்கு அதிகாலை நாலு மணிக்கு யாரும் ஆட்டோ எடுக்க மாட்டார்கள், தெரு முனையில் ஒருவரிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும். மக்ரூன் வேண்டுமா, உங்கம்மாவுக்கு எத்தனை பெட்டி என்பதையும் அப்படியே கேட்டு எழுது.

அன்புடன்,
அத்தை