வெதுவெதுப்பான ஏரியும் முதல் வாடையும்

ஸ்காபரோ, ரொறன்ரோ,
ஒக்ரோபர் 9

அன்பின் நண்பா,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. புரட்டாதி முடியப் போகிறது, கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது, காலபோக விதைப்பை முடித்துவிட்டு எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தாய். நானும் இங்கே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ மழைக்காக, நான் பனிக்காக. உன் மகளும் மருமகனும் இந்த மாதக் கடைசியில் வன்கூவரை விட்டு, எங்களுக்கு வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் பேரி நகருக்குக் குடிவருகிறார்கள் என்பதை வாசித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. "ஐந்து வருடம் கனடாவில் இருந்த பிள்ளைகள், பனி அவர்களுக்குப் புதிதில்லை, இந்த வருடம் அது முந்தி வருமா பிந்தி வருமா என்று மட்டும் எழுது" என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. உயர்தர வகுப்பில் புவியியல் வாத்தியார் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காற்றுகளைக் காட்டியபோது என் பக்கத்தில் இருந்து கேட்டவன் நீ; ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வன்கூவரின் குளிர்காலம் பெரும்பாலும் மழைக்காலம். பசிபிக் சமுத்திரம் அந்த நகரத்தைப் போர்வை போர்த்தியதுபோல் வைத்திருக்கிறது. பனி விழுந்தாலும் சில நாட்களில் கரைந்து போய்விடும். அங்கே கழித்த ஐந்து வருடத்தை வைத்துக்கொண்டு பேரியின் பனியைத் தெரியும் என்று நினைப்பது, கொழும்பில் இருந்த பழக்கத்தை வைத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போர்வையில்லாமல் போவது போன்றது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இங்கே பனியைத் தீர்மானிப்பது குளிர் மட்டுமன்று, ஏரிகள்.

நம்முடைய மாரியை நினைத்துப்பார். சோழகம் அடங்கி, காற்றுத் திரும்பி, வங்கக் கடலைத் தாண்டி வரும் வாடை அந்தக் கடலின் ஈரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து நம் கரையில் கொட்டுகிறது. இங்கே நடப்பதும் ஏறத்தாழ அதேதான், கடலுக்குப் பதிலாகக் கனடா, அமெரிக்க எல்லையோரத்துப் பேரேரிகள். கோடை முழுவதும் வெயிலை வாங்கி வைத்திருக்கும் இந்த ஏரிகள் நிலத்தைப்போல் உடனே குளிர்ந்துவிடுவதில்லை. இலைகள் சிவந்து உதிர்கின்ற இந்த நாட்களிலும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. அந்த நேரத்தில் வடதுருவப் பக்கத்திலிருந்து ஒரு குளிர்காற்று இறங்கி ஏரியின் மேலே ஓடினால், கீழிருந்து சூடும் ஈரமும் ஏறி, உலையில் ஆவி கிளம்புவதுபோல் முகில் கிளம்புகிறது; கரை சேர்ந்ததும் அதைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஏரி நீரின் வெப்பத்துக்கும் சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்தில் ஓடும் காற்றின் வெப்பத்துக்கும் இடையே 13 பாகை செல்சியஸாவது வித்தியாசம் இருக்கவேண்டும் என்பது வானிலையாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. காற்று ஏரியின் மேல் எவ்வளவு நீளமாக ஓடிவருகிறதோ அவ்வளவுக்கு ஈரம் சேரும்.

ஆகவே ஏரியின் எந்தக் கரையில் வீடு என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. குளிர்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருகிறது. ரொறன்ரோ ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் இருப்பதால் அந்தக் காற்று எங்களுக்குத் தரைவழியாக வருகிறது. எங்கள் ஏரியின் ஈரம் தென்கரைக்காரருக்குப் போய்விடுகிறது. பேரியின் கதை வேறு. ஹியூரன் ஏரியும் அதோடு சேர்ந்த ஜோர்ஜியன் குடாவும் அந்த நகரத்துக்கு மேற்கிலும் வடமேற்கிலும் விரிந்து கிடக்கின்றன. அவற்றின் மேலாக வரும் காற்று முழுச் சுமையோடு அந்தப் பக்கத்து ஊர்களின்மேல் ஏறுகிறது. 2024 நவம்பர் கடைசியில் பேரிக்கும் வடக்கே உள்ள கிரேவன்ஹர்ஸ்ட் என்ற சிறிய ஊரில் இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு மீற்றருக்கு மேல் பனி விழுந்து, நெடுஞ்சாலை 11 மூடப்பட்டது. அந்த நாட்களில் ஸ்காபரோவில் என் வீட்டு முற்றத்தில் புல் தெரிந்தது.

இனி முந்தி வரும் பனியைப் பற்றி. ரொறன்ரோவில் ஒக்ரோபர் கடைசியில் ஒரு தூவலைப்போலக் கண்ணில் பட்டு மறைவது வழக்கம். ஊர்ப் பிள்ளைகள் ஹலோவீன் திருநாள் வேடத்துக்குள்ளே தடித்த ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். நிலத்தில் தங்கும் பனி நவம்பரில்தான். ஒக்ரோபரில் ஏரி மேலும் சூடாக இருப்பதால் பனி கூடுதலாகக் கொட்டவேண்டும் என்று உனக்குத் தோன்றலாம், எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் அந்தச் சூடே கீழே வரும் பனியைக் கரைத்து மழையாக்கிவிடுகிறது. முகில் அதேதான், இறங்குவது குளிர்ந்த மழை. சில வேளைகளில் சவ்வரிசி போன்ற பனிக்குருணை. காற்று மிக மிகக் குளிர்ந்து வரும் அபூர்வமான நாளில் மட்டும் அது பனியாகவே தரைக்கு வந்து சேரும். அப்படி வந்தால் அதைப்போல் அழிவு செய்வது வேறில்லை.

2006 ஒக்ரோபர் 12ஆம், 13ஆம் திகதிகளில் ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கும் அமெரிக்க நகரமான பஃபலோவில் அதுதான் நடந்தது. ஏரி நீர் அப்போது 16 பாகைக்கு மேல் இருந்தது. மின்னலும் இடியுமாக விமான நிலையத்தில் 57 சென்ரிமீற்றர் பனி விழுந்தது. சனவரியில் அதே அளவு விழுந்திருந்தால் அந்த ஊர் அதைப் பொருட்படுத்தியே இராது. ஆனால் மரங்களில் இலைகள் பச்சையாகவே இருந்தன. அந்தப் பருவத்துப் பனி தண்ணீரில் ஊறிய பஞ்சுபோல் கனமானது. ஒவ்வொரு இலையும் ஒரு தட்டாக அதை ஏந்திக்கொண்டது. அடுத்த கிழமை அங்கே ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்களுடைய முற்றத்து மேப்பிள் மரம் அடியிலிருந்து இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளந்த இடத்தில் மரத்தின் உட்பக்கம் புதிதாகச் சீவிய பலகைபோல் வெளிறி ஈரமாயிருந்தது. விழுந்த கிளைகளில் இருந்த இலைகள் அப்போதும் வாடவில்லை. இரவு முழுவதும் வெடிச்சத்தம் கேட்டதுபோல் ஒவ்வொரு கிளையாக முறிந்தது, நித்திரை கொள்ளவில்லை என்று வீட்டுக்காரி சொன்னார். அந்தச் சத்தம் என்னவென்று நீயும் நானும் வேறு காரணத்தால் அறிந்தவர்கள். அதனால் அவர் சொன்னது மனதில் நின்றுவிட்டது. மூன்றரை இலட்சத்துக்கும் கூடுதலான இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லாமல் போனது, சில இடங்களில் ஒரு கிழமைக்கு மேலாக.

அதே பஃபலோவில் 2014 நவம்பரில் நடந்தது இன்னொரு பாடம். அந்த மாதத் தொடக்கத்தில் பசிபிக்கின் மேற்குப் பக்கத்தில் நூரி என்ற சூறாவளி வடக்கே திரும்பி, தன் உருவத்தை இழந்து, பெரிங் கடலில் மிகப் பெரிய தாழமுக்கமாக மாறியது. அதன் நடுவில் அமுக்கம் 924 மில்லிபார் வரை இறங்கியது. அது மிக உயரத்தில் வேகமாக ஓடும் ஜெட் காற்றை உலுக்கிவிட்டதில் அலாஸ்காவில் அந்தக் காற்று வடக்கே வளைந்து ஏறியது. ஏறிய அளவுக்குக் கிழக்குப் பக்கத்தில் தெற்கே தாழ்ந்தது. அந்தத் தாழ்வின் வழியே துருவக் குளிர் பத்து நாட்களுக்குள் பேரேரிகளுக்கு வந்து சேர்ந்தது. பஃபலோவின் தெற்குப் புறநகர்களில் ஏழு அடி வரை பனி கொட்டியது. நகரின் வடபகுதியில் சில அங்குலம் மட்டும். வாகனங்கள் நெடுஞ்சாலையில் ஒரு நாளுக்கு மேலாகச் சிக்கிக்கிடந்தன. வெண்மையான மதில் ஒன்று ஏரியிலிருந்து எழுந்து நகரத்தை இரண்டாகப் பிரித்ததுபோன்ற படங்களை அன்று பார்த்தேன். பிலிப்பைன்ஸ் கடலில் கிளம்பிய ஒரு சூறாவளி ஈரி ஏரிக்கரையில் ஒருவருடைய வாசற்கதவைத் திறக்கவிடாமல் செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பாயிருக்கிறது. நம் வாத்தியார் இருந்திருந்தால் இதற்கு எத்தனை அம்புக்குறி போட்டிருப்பார்!

இந்த வருடம் முந்துமா என்ற உன் கேள்விக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் மயிர்க்கொட்டி ஒன்றைப் பிடித்துக் காட்டுவார். இரு முனையும் கறுப்பு, நடுவில் செம்மண் நிறம். கறுப்புக் கூடினால் கடுங்குளிர் என்பது இந்த ஊர் நம்பிக்கை. கரன் என்ற பூச்சியியலாளர் 1948இல் நியூயோர்க் மாநிலத்தில் அவற்றைச் சேர்த்து எண்ணிப் பார்த்ததில் இருந்து அந்த நம்பிக்கை பத்திரிகைகளிலும் பரவிவிட்டது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை என்று அப்பு சொல்வாரே, அது அடுத்த சில மணி நேரத்தைப் பற்றியது. அதை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் மயிர்க்கொட்டியின் நிறம் அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறதேயன்றி வரப்போகும் குளிரைச் சொல்வதில்லை.

பசிபிக்கின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவுக்கு இதில் ஓரளவு பங்கு உண்டு. எல் நினோ வருடங்களில் உங்கள் ஐப்பசி, கார்த்திகை மழை கூடுவதும் எங்கள் குளிர்காலம் மிதமாவதும் பெரும்பாலும் ஒத்துவருகின்றன. அதே கடல் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா வந்தால் இரண்டும் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. உன் கிணறு நிரம்பினால் பனி அள்ளும் என் சவளுக்கு வேலை குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதெல்லாம் முழுப் பருவத்தின் சாய்வு. முதற்பனி எந்தத் திகதியில் விழும் என்பதை ஐந்தாறு நாட்களுக்கு முன்னால் மட்டுமே நம்பிக்கையோடு சொல்ல முடியும். ஏரிப் பனியின் பட்டை எந்தத் தெருவுக்கு மேல் நிற்கும் என்பதைச் சில மணி நேரத்துக்கு முன்னால்தான். ஒக்ரோபரில் நிலத்தில் தங்கும் பனிக்குப் பேரியில் வாய்ப்புக் குறைவு. நவம்பர் நடுவிலிருந்து வாய்ப்பு வேகமாகக் கூடும். ஏரிகள் முன்னைவிடப் பிந்திக் குளிர்கின்றன, பனிக்கட்டி மூடுவதும் குறைந்து வருகிறது. ஆகவே தொடக்கத்தில் கூடுதலாக மழையும், உண்மையான குளிர் வந்து சேரும் நாளில் ஒரேயடியாகப் பெரும் பனியும் வரக்கூடிய நிலைமைதான் எங்கள் முன்னால் இருக்கிறது.

எனக்குப் பயம் அந்த ஒரு நாளைப் பற்றித்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் காலையில் நெடுஞ்சாலை 400 வழியாகப் பேரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வோன் நகரைத் தாண்டும்வரை நல்ல வெயில். கண்ணாடிக்குள் சூடு தாங்காமல் ஜாக்கெற்றைக் கழற்றி வைத்திருந்தேன். இனிஸ்ஃபிலை நெருங்கும்போது வடக்கே நிலத்தைத் தொட்டபடி சாம்பல் நிறத்தில் ஒரு திரை தெரிந்தது. ஒரு நிமிடத்துக்குள் நான் அதற்குள் இருந்தேன். முன்னால் போன லொறியின் சிவப்பு விளக்குகள் மங்கி மறைந்தன; வீதிக்கோடு மறைந்தது; துடைப்பான் அடித்து முடிப்பதற்குள் கண்ணாடி மறுபடி வெள்ளையாகியது. மெல்லத்தான் பிரேக்கை அழுத்தினேன். கார் சத்தமில்லாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ஓரப் பள்ளத்தில் போய் நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்னால் எவரும் வந்து மோதவில்லை. அதைக் கடவுள் காத்தது என்றுதான் இன்றும் சொல்வேன். அன்று என் காரில் இருந்தவை கோடையிலும் ஓடும் சாதாரண ரயர்கள். காற்று 7 பாகைக்குக் கீழே இறங்கியதும் அந்த இறப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கிவிடும். பனி விழுந்தால்தான் வின்ரர் ரயர் தேவை என்று அதுவரை நினைத்திருந்தேன். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம். ஒன்ராறியோவில் அவரவர் விருப்பம்.

ஆகவே பிள்ளைகளிடம் நீயும் ஒரு தரம் சொல்லு. நவம்பர் பிறக்கும்போதே ரயர் நான்கும் மாற்றியிருக்க வேண்டும், முன்னால் மட்டும் இரண்டு மாற்றுவது ஆபத்து. நான் அகப்பட்ட அந்தத் திரையைத்தான் பனிச்சூறை என்பார்கள்; அதற்கு எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும், வெளியே வெயில் எறித்தாலும் சரி. சூறைக்குள் அகப்பட்டுவிட்டால் முன்விளக்கும் பின்விளக்கும் எரியும்படி விளக்கைக் கையால் போடவேண்டும். பகலில் தானாக எரியும் முன்விளக்கை நம்பினால் பல கார்களில் பின்விளக்கு எரியாது, பின்னால் வருகிறவனுக்கு நீ இருப்பதே தெரியாது. வீதியோரத்தில் நிறுத்தாமல் அடுத்த வெளிவழி வரை ஊர்ந்தாவது போய் இறங்கவேண்டும். மகள் உன் சொல்லைத் தட்டமாட்டாள். மருமகனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அவர்கள் வந்து இறங்கும் அன்று விமான நிலையத்தில் நான் இருப்பேன். அடுத்த நாளே கார் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். நானும் கூடப் போகிறேன், ரயருக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும், ஒக்ரோபர் கடைசியில் கடைகளில் இடம் கிடைக்காது. இன்று விடியற்காலை ஏரிக்கரைக்கு நடக்கப் போனேன். காற்று இந்தப் பருவத்தில் முதல் தடவையாக வடக்கிலிருந்து வீசியது. தண்ணீரின் மேல் ஒரு முழ உயரத்துக்கு வெண்ணிறமாக ஆவி எழுந்து, காற்றோடு தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது.

உங்கள் பக்கம் காற்றுத் திரும்பியதும் எழுது. கிணற்றில் எத்தனை படி மூடியது என்றும் எழுது. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. பிள்ளைகள் இருவருடைய சப்பாத்து அளவையும் மறக்காமல் அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்