அம்புக்குறியை எடுத்துவிடு

அன்புள்ள மருமகனே,

கல்லூரி அறிவியல் மன்றத்துக்காக நீ வரைந்த வேற்றுக்கிரகச் செய்தி வந்து சேர்ந்தது. கூடவே, வாயேஜர் தங்கத் தட்டில் தமிழ் இல்லை என்று ஒரு பக்கத்துக்கு நீ பொரிந்து தள்ளியிருந்ததையும் படித்தேன். உண்மைதான். வேற்றுலகத்தார் யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று 1977-இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய அந்த இசைத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு, நாம்தான் இல்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் சீனத்து அமோய் மொழியில் பேசியவர் "சாப்பிட்டாச்சா? நேரம் கிடைத்தால் எங்கள் பக்கம் வாருங்கள்" என்கிறார். நம் சார்பில் அவரே சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்.

சரி, அந்த வாழ்த்துகளில் ஒன்றையாவது புரிந்துகொள்ள அங்கே வழி இருக்கிறதா என்றால், இல்லை. அகராதி கிடையாது. பேச வந்தவர்களிடமும், வேற்றுலகத்தாருக்கு ஒரு வணக்கம், சுருக்கமாக இருக்கட்டும் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஸ்வீடன் மொழிக்காரர், இத்தாகா என்ற சின்னப் பல்கலைக்கழக ஊரின் கணினி நிரலாளர் பேசுகிறேன் என்று விலாசமே கொடுக்கிறார்! கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மூளையைக் கசக்கிய இடம் அதுவல்ல, தட்டை எப்படி இயக்குவது என்று படமாகப் பொறித்த அதன் உறை.

தட்டு 3.6 நொடிக்கு ஒரு தரம் சுற்ற வேண்டும். நொடி என்பது நம் வீட்டுக் கணக்கு, அதை அந்த வேற்றுலகத்தானிடம் எப்படிச் சொல்வது? ஹைட்ரஜன் அணு தன் தாழ்ந்த இரு நிலைகளுக்கிடையே மாறும்போது வெளிவரும் அலைக்கு ஒரு காலம் உண்டு. நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு, 0.7. அதையே அலகாக்கி, வேகத்தை இரும எண்ணில், அதாவது ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே குறிகளில் பொறித்தார்கள். ஹைட்ரஜன் எந்த விண்மீனுக்குப் போனாலும் ஒரே மாதிரிதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது படங்கள் பகுதி. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஒலியாக்கித் தட்டில் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு படமும் 512 கோடுகள். கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் படம் வரும். சரியாக அடுக்கினோமா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதற்காக முதல் படமாக வெறும் வட்டம் ஒன்றை வைத்தார்கள். அதே வட்டம் உறையிலும் இருக்கிறது. முட்டை மாதிரி வந்தால் நீள அகலம் தப்பு, மறுபடி அடுக்கு. அவ்வளவுதான். உன் வரைபடத்தில் இப்படிச் சரிபார்க்க ஒன்றுமே இல்லை.

அப்புறம் அம்புக்குறி. மூன்று போட்டிருக்கிறாய். 1972-இல் பயனியர் 10 கொண்டுபோன தகட்டிலும் ஒன்று இருந்தது, விண்கலம் போகும் பாதையைக் காட்ட. கலை வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் காம்ப்ரிச் அதைத்தான் பிடித்தார்: வில்லும் அம்பும் கண்டிராத கூட்டத்துக்கு அது வெறும் கோடு. அவர் சொன்னது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. அதே தகட்டில் அளவு சொன்ன விதம் மட்டும் பிரமாதம். ஹைட்ரஜன் அலையின் நீளம் 21 செ.மீ. பெண்ணின் உருவத்துக்குப் பக்கத்தில் இரும எண்ணில் 8. பெருக்கினால் 168 செ.மீ. உயரம். உன் கோபுரம் அழகாக வந்திருக்கிறது, ஆனால் அது மலையா, மிளகா என்று அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

வானியலாளர் ஃபிராங்க் டிரேக் செய்ததை நீயும் செய். வேற்றுலக உயிர்களைத் தேடுவது பற்றி அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 1961-இல் நடந்த கூட்டத்துக்கு வந்த விஞ்ஞானிகளுக்கு 551 ஒன்று-பூஜ்யங்களைத் தபாலில் அனுப்பினார். 551 என்பது 19-ஐ 29-ஆல் பெருக்கியது. அப்படிக் கட்டம் கட்டினால் படம். அத்தனை பேரில் பெர்னார்ட் ஆலிவர் ஒருவர்தான் விடுவித்தார். அதே டிரேக்தான் 1974-இல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து விண்வெளிக்கு 1679 ஒன்று-பூஜ்யங்களை அனுப்பியவர், 23 பெருக்கல் 73.

ஆகவே அம்புகளை எடு, வட்டத்தை வை, கோபுரத்துக்கு அளவு போடு. விடுதி நண்பர்களிடம் ஒரு வார்த்தை விளக்காமல் கொடுத்துப் பார். பிறகு எனக்கு அனுப்பு, கூட வைத்திருந்த அந்த நாலு பக்க விளக்கம் இல்லாமல்.

அன்புடன்,
மாமா